மேற்குச் சுவர்

அவர் சுவரைக் கையால் தொட்டுப் பார்க்கமாட்டார். கன்னத்தை வைத்துப் பார்ப்பார். கை வேலை செய்து மரத்துப்போனது, அதை நம்ப முடியாது என்பார்.

முதல் நாள் அதைக் கண்டபோது சூசைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்ன தங்கச்சி, சுவரைக் கொஞ்சுறியளோ?"

"கொஞ்சலை அண்ணா. காய்ச்சல் இருக்கான்னு பார்க்கிறேன்."

சூசை வாயை மூடிக்கொண்டான். அவனை ஒரு சொல்லில் அடக்கியவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

பெயரை எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. மதுரைப் பக்கம். கட்டையான உருவம். ஆம்பிளைகள் போடும் பனிச் சப்பாத்து. தடித்த கண்ணாடி, அதில் எப்போதும் மண் ஒட்டியிருக்கும். வெக்கையான பாலைவன ஊர்களுக்கு மண்ணால் வீடு வடிவமைப்பது அவருடைய தொழில். அதைச் செய்தது ரொறொன்ரோவில் இருந்துகொண்டு.

நான் அதிகம் படித்தவன் அல்ல. கொங்கிரீற் வேலையும் பூச்சு வேலையும் தெரியும். எழுதிப் பழக்கமில்லை. என் மனைவி றீற்றா இப்போது குசினியில் மீன் கழுவுகிறாள். தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. அந்தச் சத்தம் கேட்காமல் போயிருக்க வேண்டிய ஒரு வருடம் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

குளிர்காலம் வந்தால் எங்கள் வேலை படுத்துவிடும். சூசை என்னோடு வேலை செய்கிறவன், எங்கள் மன்னார்தான். ஒரு நாள் ரிம் ஹோர்ட்டன்ஸில் கோப்பி குடிக்கும்போது சொன்னான்.

"மில்லிக்கன் பக்கம் ஒரு இந்தியாக்காரி மண் சுவர் வைக்க ஆள் தேடுறாவாம்."

"மண் சுவரோ? உந்தப் பனிக்குள்ளயோ?"

"ஓம். விசரோ தெரியாது. போய்ப் பாப்பம்."

கார் நெளிவெடுக்கும் கடை ஒன்றின் பின்னால் பழைய களஞ்சியம். அதை வாடகைக்கு எடுத்திருந்தார். நடுவில், சோதித்துப் பார்க்கச் சின்னதாக ஒரு மண் அறை கட்ட வேண்டும். நாலு பேர் நெருக்கி இருக்கலாம், அவ்வளவுதான். அறையைச் சுற்றிப் பெரிய சூட்டு விளக்குகள். அது சூரியன். ஹீற்றரை முழுதாகத் திருகிவிடுவார். அது பாலைவனக் காற்று. குளிர்காலத்தில் ஹீற்றர் காற்று எவ்வளவு காய்ந்தது என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். உதடு வெடிக்கும், கதவுப் பிடியைத் தொட்டால் பொறி பறக்கும். அந்தக் காய்ந்த காற்றை அவர் வீணாக்கவில்லை. பொழுது பட்டதும் விளக்கை அணைத்துவிட்டு, லொறி வரும் பெரிய கதவைக் கொஞ்சம் உயர்த்துவார். பனிக் காற்று உள்ளே வரும். அது பாலைவனத்து இரவு.

"அங்க போயிட்டுப் போயிட்டு வர வசதி இல்லைண்ணா. அதான் பாலைவனத்தை இங்க கூட்டிட்டு வந்துட்டேன்."

வெளியில் முழங்கால் மட்டும் பனி. உள்ளே நானும் சூசையும் பெனியனோடு வேர்த்துக்கொண்டு நின்றோம்.

மண், வீடு கட்ட அத்திவாரம் தோண்டும் இடங்களில் இருந்து வந்தது. ஸ்காபரோ மண். களி கூடினது. மணல் சேர்த்தோம், கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தோம். அவர் ஒரு பிடி எடுத்து உருட்டி, நெஞ்சு உயரத்தில் இருந்து நிலத்தில் போடுவார். தூளாகச் சிதறினால் தண்ணீர் காணாது. சப்பையாக ஒட்டிக் கிடந்தால் தண்ணீர் கூடிவிட்டது. நாலைந்து துண்டாக உடைந்தால் சரி. பலகை அடித்த பெட்டிக்குள் அந்த மண்ணைப் போட்டு இடிப்போம். முதலில் மெத்தையில் அடிப்பது போலக் கேட்கும். இறுகி வர வர, கல்லில் அடிக்கும் சத்தம். அப்போதுதான் அடுத்த படை. சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. தோள் கழன்றுவிடும்.

ஆனால் பலகையைக் கழற்றும்போது மனம் நிறையும். படை படையாக, கடற்கரை மணல் மாதிரி வரி விழுந்திருக்கும். பூச்சு வேண்டியதில்லை. சூசைகூட அதைத் தடவிப் பார்த்தான்.

அவருடைய இன்னொரு பழக்கம் ஆட்களை உட்காரவைப்பது.

"கொஞ்ச நேரம் உட்காருங்க."

யார் வந்தாலும் இதுதான். ஒரு வாளியைக் கவிழ்த்து வைப்பார். கார்க் கடைக்காரரை உட்காரவைத்தார். மின்சாரம் பார்க்க வந்தவரை உட்காரவைத்தார். பீட்சா கொண்டுவந்த ஒரு மனிசன் வண்டியை ஓடவிட்டபடி உள்ளே போய், வெகுநேரம் இருந்துவிட்டு வந்தார். ஒன்றும் விளக்கமாட்டார். பிறகு இரண்டே கேள்வி. "எப்படி இருந்துச்சு?" மற்றது, "இந்த நேரத்துல இதுக்குள்ள யாரு இருப்பாங்க?"

இரண்டாவது கேள்வியைத் தன்னிடமும் கேட்பார். மதியம் ரோல்ஸ் சாப்பிடும்போது திடீரென்று கேட்பார். சூசை அதைச் சொல்லிக் காட்டிப் பகிடி பண்ணுவான். வொஷ்ரூம் கதவைத் தட்டி, "இந்த நேரத்துல இதுக்குள்ள யாரு?" என்பான். அவரும் உள்ளே இருந்து, "உங்க மேடம்தான்" என்பார்.

நான் கனடாவுக்கு வருமுன் அரபு நாட்டில் இருந்தவன். பாலைவனத்தில் கட்டடம் கட்டினேன். பாலைவனத்தில் வேலையாட்களின் கேம்பில் குடியிருந்தும் இருக்கிறேன். சூசை அதை அவரிடம் சொல்லிவிட்டான். அடுத்த நாள் வாளியை எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார்.

"கேம்ப்ல எப்படி இருந்தீங்கண்ணா?"

"இருந்தம்."

"ரூம் எப்படி?"

"கொங்கிரீற் கல்லு. மேல தகரம். பகல் வேலை. பொழுதுபட்டுத்தான் அறைக்கு வாறது. அப்ப சுவர் சுடும்."

"எந்தச் சுவர்?"

அரபு நாடு எப்படி என்று கேட்டவர்கள் பலர். சம்பளம் கேட்டார்கள், சாப்பாடு கேட்டார்கள். எந்தச் சுவர் என்று யாரும் கேட்டதில்லை.

"மேற்கு. பின்னேர வெயில் முழுக்க அதிலதான். அந்தப் பக்கம் கட்டில் விழுந்தவனுக்கு நித்திரை இல்லை. துவாயை நனைச்சுப் போட்டுக்கொண்டு கிடப்பான்."

"உங்க கட்டில் எங்க இருந்துச்சு?"

"மேற்கு."

அவர் தன் ரோல்ஸில் பாதியைப் பிய்த்து எனக்குத் தந்தார்.

அவர் அப்போது வடிவமைத்த வீடுகள் ஆபிரிக்காவின் வடக்கில் ஒரு பாலைவன ஊருக்கு. ஊரின் பெயர் என் வாயில் வராது. அங்கே தகரக் கொட்டிலில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு தர்ம ஸ்தாபனம் வீடு கட்டிக் கொடுக்க இருந்தது. வரைபடம் எங்களவருடையது. அறை காய்ந்து முடிந்ததும் ஸ்தாபனத்தில் இருந்து இருவர் பார்க்க வந்தார்கள். ஒரு உயரமான மனிதர், ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண். மத்தியானம். விளக்குகள் காலையில் இருந்து எரிகின்றன. வெளியே நின்றால் முகம் பொசுங்கும். அவர்களை உள்ளே உட்காரவைத்தார்.

வெளியே வரும்போது சிரித்துக்கொண்டு வந்தார்கள். உள்ளே குளிர்ச்சி. உயரமானவர் எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். சூசை தன் கையைப் பெனியனில் துடைத்துவிட்டுக் கொடுத்தான். வேலையை உடனே தொடங்கலாம், அங்கே எல்லாம் தயார் என்றார் அவர்.

எங்களவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். இங்கிலீசில்தான் கேட்டார். எனக்கு விளங்கியது. இந்த நேரத்தில் அங்கே வீட்டுக்குள் யார் இருப்பார்கள்?

கிழவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் என்றார் அந்தப் பெண். மற்ற எல்லோரும் தோட்டத்திலும் ஆட்டோடும். பொழுதுபட்டுத்தான் வருவார்கள்.

"அப்படியானால் பொழுதுபட்ட பிறகு ஒருமுறை வாருங்கள்" என்றார் எங்களவர். "சாப்பாடு நான் தருகிறேன்."

வந்தார்கள். விளக்கு அணைத்திருந்தது. பெரிய கதவு பாதி திறந்து, பனிக் காற்று உள்ளே வீசியது. நானும் சூசையும் ஜக்கெற்றை இழுத்துப் போட்டோம். அவர்கள் இருவரும் எங்களவரோடு மண் அறைக்குள் போனார்கள். முதலில் உயரமானவர் ஜக்கெற்றைக் கழற்றினார். பிறகு சுவெற்றரை. பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பகல் முழுவதும் தடித்த சுவர் குடித்த சூடு அப்போதுதான் உள்பக்கம் வந்து சேர்ந்திருந்தது. வெளியே குளிர், உள்ளே புழுக்கம்.

"இது எப்போது ஆறும்?" என்று கேட்டார்.

"விடியும்போது" என்றார் எங்களவர். "அவர்கள் எழும்பிப் போகும் நேரம்."

"என்றாலும் தகரத்தை விட நல்லதுதானே."

"நல்லதுதான். ஆனால் நான் தகரத்தோடு போட்டி போட வரவில்லை."

எங்களவரின் முகம் மாறவில்லை. பிழை தன்னுடையது, சுவர் முழுவதையும் ஒரே தடிப்பில் போட்டது தான்தான் என்றார். சிறிது காலம் தாருங்கள் என்றார். அவர்கள் வேறு ஆளைப் பார்த்திருக்கலாம். அந்த வயதான பெண்தான், வசந்தம் வரை பொறுப்போம் என்றார்.

காலையில் நாங்கள் போனபோது அவர் சுத்தியலோடு நின்றார்.

"இடிக்கணும்ணா."

சூசைக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கதை கதைக்கிறியள்? தோள் கழர இடிச்சுக் கட்டினதைத் திரும்ப இடிக்கிறதோ? மேல ரெண்டு ஓட்டையைப் போட்டு விடுங்கோவன்!"

"போட்டுப் பார்த்தேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். போதலை."

"அது ஆபிரிக்காவில இருக்கிற சனம். உங்களை வந்து கேக்கவோ போகுது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த துணியிலும் மண்.

"கேட்க மாட்டாங்க. அதான் அண்ணா பயம்."

முதல் அடியை அவரே போட்டார். சுவர் அசையவில்லை. நாங்கள் இடித்த இடி அப்படி. அவருக்கு மூச்சு வாங்கியது. சூசை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இஞ்ச தாருங்கோ, கையைக் காலை முறிச்சுப் போடுவியள்" என்று சுத்தியலைப் பறித்தான்.

இடித்த மண்ணை நொறுக்கி, நனைத்து, அதே மண்ணில் திரும்பக் கட்டினோம். கொங்கிரீற்றில் அது நடக்காது. பிழை விட்டால் பிழை நிற்கும். மண் மன்னிக்கும் என்று நான் நினைத்தேன். சொல்லவில்லை.

இந்தமுறை ஒரு வீட்டுக்குள் இரண்டு வீடு. கீழே தடித்த சுவரோடு ஒரு அறை. அது பகலில் வீட்டில் இருப்பவர்களுக்கு. கிழவர்கள், நோயாளிகள், பிள்ளை பெற்றவர்கள். மேலே மெல்லிய மண் சுவரும் நிறைய ஓட்டையும் பந்தலும். அது பொழுதுபட்டு வருகிறவர்களுக்கு. மெல்லிய சுவர் கெதியாகச் சுடும், கெதியாக ஆறும். அவர்கள் வரும்போது ஆறியிருக்கும். மேற்குப் பக்கத்தில் மட்டும் சுவருக்கு முன்னால், கை நுழையும் இடைவெளி விட்டு இன்னொரு மெல்லிய சுவர். வெயிலை அது வாங்கிக்கொள்ளும். இடைவெளியில் காற்று ஓடும்.

வசந்தத்தில் அந்த உயரமானவர் பொழுதுபட்ட பிறகு வந்து மேலே ஏறி இருந்தார். ஜக்கெற்றைக் கழற்றவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அந்த வைகாசியில் றீற்றாவுக்கு இதயத்தில் ஒப்பறேசன் நடந்தது. ஆனி முடிவில் வீட்டுக்கு விட்டார்கள். எங்கள் வீடு மல்வேர்னில் வாடகைக் கட்டடம், பதின்மூன்றாம் மாடி, மூலை வீடு. ஒரு படுக்கையறை, ஒரு ஹோல், குசினி. படுக்கையறையும் பல்கனியும் மேற்குப் பக்கம். குசினி வடக்கு. யன்னலில் ஏசி பூட்ட அந்தக் கட்டடத்தில் விடமாட்டார்கள். நிலத்தில் வைக்கும் ஏசி ஒன்று வாங்கினேன். பழைய வயர், போட்டவுடன் கரண்ட் விழுந்தது. சூசை தன் பேஸ்மென்றுக்கு வரச் சொன்னான். றீற்றா மாட்டேன் என்றாள். "கிடக்கிறதெண்டா என்ர கட்டிலில கிடக்கிறன்."

ஆடியில் வெக்கை வந்தது. விடாமல் நின்றது. ஒரு பின்னேரம் றீற்றா என்னைப் பார்த்து, செத்துப்போன தன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். வலை இழுத்து முடிந்ததா என்று கேட்டாள். அம்புலன்சுக்கு அடித்தேன். ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஏற்றி, குளிரப்பண்ணி, மறுநாள் விட்டார்கள். டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். வெக்கை இவவுக்கு ஆகாது, இன்னொருமுறை இப்படி வந்தால் இதயம் தாங்காது என்றார். வெக்கை இன்னும் ஒரு கிழமை நிற்கும் என்று ரீவியில் சொன்னார்கள்.

நான் வேலைக்குப் போகவில்லை. ஏன் என்று சூசை எங்களவரிடம் சொல்லியிருக்கிறான். மத்தியானம் கதவு தட்டுப்பட்டது. அவர் பஸ்ஸில் வந்திருந்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். பின்னால் சூசை.

"கொஞ்ச நேரம் உட்காரலாமா அண்ணா?"

படுக்கையறையில் நிலத்தில் இருந்தார். றீற்றா கட்டிலில் படுத்தபடி அந்தரப்பட்டாள்.

"இஞ்சாருங்கோ, வந்த மனிசருக்குத் தேத்தண்ணியாவது போடுங்கோ."

"இந்தச் சூட்டுலயா அக்கா? சரி, குடுங்க."

குடித்தார். யன்னலைப் பார்த்தார். யன்னல், பல்கனிக் கதவு, குசினி யன்னல் எல்லாம் விரியத் திறந்து கிடந்தன.

"எப்பவும் இப்படித்தான் திறந்து வைப்பீங்களா?"

"பகலில எல்லாம் திறப்பம், தங்கச்சி" என்றாள் றீற்றா. "பூட்டினா மூச்சு முட்டும். மன்னாரில மத்தியானம் அப்பிடித்தான். கடல் காத்து வரும்."

"ராத்திரி?"

"பொழுதுபட்டாப் பூட்டுவம். நுளம்பெல்லே."

"பதின்மூணாவது மாடிக்குக் கொசு வருமா?"

"வரும்" என்றான் சூசை. "எலிவேற்றரில வரும்."

றீற்றா சிரித்தாள். சிரிக்கவும் களைத்தாள். எங்களவர் சிரிக்கவில்லை. எழுந்து பல்கனிக்குப் போய்க் கீழே பார்த்தார்.

"அக்கா, இங்க கடல் எங்க இருக்கு?"

றீற்றா யோசித்தாள்.

"இல்லைத்தான்."

"கீழே கார் நிறுத்துற தார் ரோடுதான் இருக்கு. நீங்க அந்தக் காத்தைத்தான் உள்ள விடுறீங்க."

வந்து எல்லாவற்றையும் பூட்டினார். திரையை இழுத்தார். றீற்றாவை மெல்ல நடத்திக் குசினிப் பக்கம் கொண்டுபோய்ச் சாய்மனைக் கதிரையில் விட்டார். கழுத்தில் ஈரத் துணி போட்டார். ஆனால் போகவில்லை. படுக்கையறைக்குத் திரும்பி வந்து அதே இடத்தில் இருந்தார். பின்னேரம் முழுவதும் இருந்தார். சூசை போய்ச் சோற்றுப் பார்சல் வாங்கி வந்தான். அவர் இருந்த இடத்திலேயே சாப்பிட்டார். வெயில் சாய்ந்தது. பிறகு எழுந்து, கட்டில் தலைமாட்டுச் சுவரில் கன்னத்தை வைத்தார்.

"அண்ணா, இங்க வாங்க."

போனேன்.

"வைங்க."

வைத்தேன்.

அது கேம்பின் சுவர். அதே சூடு. செங்கல் பகல் முழுவதும் வாங்கி வைத்ததை இப்போது உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. றீற்றாவின் தலையணை அதில் முட்டிக்கொண்டு கிடந்தது. வெக்கை குறைகிறது என்று நினைத்து, ஒவ்வொரு பொழுதிலும் யன்னலைப் பூட்டி, அவளை அந்தச் சுவருக்குக் கீழே படுக்கவைத்தது நான்.

அவர் என் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

"அப்புறம் வருத்தப்படலாம். இப்பக் கட்டிலைத் தூக்குங்க."

நானும் சூசையும் கட்டிலைத் தூக்கினோம். ஹோலின் நடுவில், குசினி யன்னலுக்கும் பல்கனிக்கும் நேரே போட்டோம். வெளியே காற்று ஆறியதும் எல்லா யன்னலையும் திறந்தார். இருந்த ஒரே ஃபானை எடுத்துப் பல்கனிக் கதவில் வெளிப்பக்கம் பார்க்க வைத்தார்.

"ஃபானை மாறி வைச்சிட்டியள்" என்றான் சூசை.

"மாறி இல்லை. உள்ள இருக்கிற சூட்டை வெளிய தள்ளும். கிச்சன் வழியாக் குளிர்ந்த காத்து தானா வரும்."

"காத்தை வெளியில விடவோ இந்தாள் காசு குடுத்து ஃபான் வாங்கினது?"

கொஞ்ச நேரத்தில் குசினிப் பக்கம் இருந்து காற்று வந்தது. மெல்லிய காற்று. றீற்றாவின் முன்மயிர் அசைந்தது. சூசை ஃபானைத் திரும்பிப் பார்த்தான்.

அடுத்த நாள் மேற்குச் சுவருக்கும் யன்னலுக்கும் வெளிப்பக்க மறைப்புக் கட்டினார். திரை உள்ளே இருந்து பிரயோசனமில்லை, வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகு அது உள்வீட்டுக்காரன் என்றார். பல்கனியில் கயிறு கட்டி, நான் உடுக்கும் சாரங்களையும் சூசையின் சாரங்களையும் தொங்கவிட்டார். கீழே இருந்து பார்த்தால் திருவிழாக் கொடி.

கட்டடத்தைப் பார்க்கும் சூப்பர் மேலே வந்துவிட்டார். போலந்துக்காரர், பெரிய உடம்பு. பல்கனியில் எதுவும் தொங்கவிடக் கூடாது, இப்போதே கழற்று என்றார். நான் கழற்றப் போனேன். எங்களவர் என்னைத் தடுத்துவிட்டு, ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கையறையின் சூட்டுச் சுவரோடு போட்டார். சூப்பரைப் பார்த்து இங்கிலீசில் அதையேதான் சொன்னார். கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

மனிசன் ஏன் இருந்தார் என்று தெரியாது. பீட்சாக்காரர் ஏன் இருந்தாரோ அதே காரணமாக இருக்கும். முதுகை அந்தச் சுவரில் சாய்த்தார். எங்களவர் பிறகு, ஆஸ்பத்திரியில் இருந்து வந்தவர் இங்கேதான் படுத்திருந்தார் என்று மட்டும் சொன்னார்.

சூப்பர் எழும்பினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செப்டெம்பர் வரைக்கும் நான் இந்தப் பக்கம் மேலே பார்க்கமாட்டேன் என்றார். போகும்போது குசினியில் இருந்த றீற்றாவுக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

வெக்கை அந்தக் கிழமை முழுவதும் நின்றது. பகல் பூட்டு, குசினிப் பக்கம். இரவு திற, ஹோல். பாலைவனத்து வீட்டில் கீழும் மேலும் செய்ததை எங்கள் வீட்டில் இரண்டு மூலையில் செய்தார். வேலை முடிந்து தினமும் வந்து இருந்து பார்த்தார். றீற்றா மறுபடி தம்பியைக் கூப்பிடவில்லை. ஒரு விடியற்காலை என்னை எழுப்பி, "இஞ்சாருங்கோ, குளிருது, போர்வையை எடுங்கோ" என்றாள். போர்வையைக் கொடுத்துவிட்டுப் பல்கனிக்குப் போய்ச் சாரங்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஐப்பசியில் அவர் அந்தப் பாலைவன ஊருக்குப் புறப்பட்டார். கட்டும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது எல்லாச் சுவரையும் தடிப்பாகப் போட்டுவிடுவார்கள் என்றார். போகுமுன் றீற்றா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். எழும்பி நின்று தானே சமைத்தாள். நண்டுக் கறி. அவர் நண்டுக் காலை உறிஞ்சிச் சாப்பிட்டார். கண்ணாடியில் மண் இல்லாமல் அன்றுதான் பார்த்தேன்.

நான் ஒரு நன்றி சொல்ல நினைத்திருந்தேன். பஸ்ஸிலும் வேலையிலும் அதைச் சொல்லிப் பார்த்தும் இருந்தேன்.

"தங்கச்சி…"

"சொல்லுங்கண்ணா."

"வடிவாச் சாப்பிடுங்கோ."

"சாப்பிட்டுட்டுதானே இருக்கேன்."

சூசை என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

புறப்படும்போது படுக்கையறைக்குப் போய் மேற்குச் சுவரில் கன்னத்தை வைத்தார். றீற்றாவும் பின்னால் போனாள்.

"இப்ப ஐஸ் மாதிரி இருக்குக்கா. குளிர்காலத்துல ஹால்ல காத்து அடிக்கும், அங்க படுக்காதீங்க. கட்டிலை உள்ள கொண்டாந்து, அந்த உள்பக்கச் சுவர்கிட்டப் போடுங்க. வெயில் ஏறினதும் மறுபடி வெளிய."

"எப்ப எண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அவர் தன் கன்னத்தைத் தட்டிக் காட்டினார். பனிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு எலிவேற்றருக்குப் போனார்.

அதன் பிறகு நேரில் காணவில்லை. அங்கே ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊருக்குப் போய்விட்டார் என்று சூசை சொன்னான். ஒருமுறை போனில் குரலைப் பதிந்து அனுப்பினார். "அண்ணா, நேத்து ராத்திரி ஒரு வீட்டு மாடியில படுத்தேன். அஞ்சு நிமிஷம் இருந்து பார்க்கலாம்னு போனேன். தூங்கிட்டேன்." பின்னால் ஆடு கத்தியது. றீற்றா அதை அழிக்கவில்லை.

ஒவ்வொரு வருடமும் பனி கரைந்த பிறகு றீற்றா பொழுதுபடும் நேரத்தில் படுக்கையறைக்குப் போய் வருவாள். "இன்னும் இல்லை" என்பாள். நேற்றும் போனாள். வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். கண்ணை மூடிச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இஞ்சாருங்கோ, வாங்கோ. நீங்களும் வையுங்கோ."

வைத்தேன். இலேசாகச் சுட்டது.

"சூசையை வரச் சொல்லட்டோ?" என்றேன்.

"ஏன் அவன்?" என்றாள்.

கட்டிலின் ஒரு பக்கத்தை அவள் பிடித்தாள்.